மெசோ சொப்ரானோன்னா (மேல்நாட்டுப் பாட்டுல ஒரு பெண் குரல் வகையாம்) என்ன மாதிரி வாழ்க்கைங்க? ஏற்காட்டுல ஒரு பொண்ணு கேக்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஜங்ஷன்_மாமன்:

வணக்கங்க எல்லாருக்கும். நான் சேலம் ஜங்ஷன் பக்கம். எங்க அக்கா குடும்பம் மேல ஏற்காட்டுல இருக்காங்க, மச்சான் ஒரு காபி எஸ்டேட்ல ரைட்டரா இருக்காரு. அவங்க பொண்ணு பத்தித்தான் கேக்கறேன், வயசு 17, ப்ளஸ் டூ படிக்குது. சின்னதுல இருந்தே சர்ச் கொயர்ல பாடும். பள்ளிக்கூட கொயர்ல சேந்தப்புறம் அங்க என்ன பண்ணாங்கன்னா நல்லா பாடற பொண்ணுங்க எல்லாத்தையும் சொப்ரானோ, அதாங்க ரொம்ப மேல பாடற பெண் குரல், அந்த வரிசைல நிக்க வெச்சுட்டாங்க, இதுவும் மூணு வருஷமா மேல மேல எட்டிப் பிடிச்சு பாடி போன டிசம்பர் கேரல்ஸ் முடிஞ்ச கையோட குரல் சுத்தமா கட்டிக்கிச்சு. சளின்னு நெனச்சு கஷாயம் குடுத்தாங்க, ஒரு மாசமாச்சு, சரியாகல. கீழ கூட்டிட்டு வந்து ஈஎன்டி டாக்டர்ட்ட காட்டினோம், குரல் நாண் வீங்கிப்போச்சு கொஞ்ச நாள் பேசவே கூடாதுன்னுட்டாரு. பொண்ணு சிலேட்டுல எழுதிக் காட்டிட்டு இருந்துச்சுங்க, பாக்கவே மனசு கேக்கல.

இப்ப சரியாயிடுச்சு. அப்புறம் பாட்டு தெரிஞ்ச ஒரு டீச்சரம்மா பாடச் சொல்லிக் கேட்டுட்டு, உன் குரல் சொப்ரானோவே இல்லம்மா, நீ மெசோன்னு சொல்லிட்டாங்க. அன்னிலிருந்து போன்ல அதையே தேடித்தேடிப் பாக்குது. ஜேனட் பேக்கர்னு ஒரு அம்மா ஆம்பளை வேஷத்துல பாடற ஓபரா, அதாவது பாட்டாலயே நடத்தற நாடகம், 1982ல எடுத்தது. போன வாரம் நான் மேல போனப்ப திண்ணைல சிக்னல் கிடைக்கற மூலைல உக்காந்து அதைப் பாத்துட்டு இருந்துச்சு, ஒரு எடத்துல போனை மடில வெச்சுட்டு தொண்டைல கைய வெச்சுக்கிட்டு அப்படியே இருந்துச்சு, மாமா இது என் குரல் மாமா அப்படின்னுச்சு. நான் என்னத்தச் சொல்றது.

அக்காவுக்கு ரெண்டு கவலை. ஒண்ணு, பொம்பளப் புள்ளைக்குக் கட்டைக் குரல்னா அது ஒரு குறைதானேன்னு. இன்னொண்ணு, அந்த ஊர் மேடைல நம்ம நெறத்துப் பொண்ண யாரு நிக்க வெப்பாங்கன்னு. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான், இப்படிப் பாடறவங்க எப்படி வளர்றாங்க, எத்தன வருஷம் ஆகும், சோத்துக்கு வழி உண்டா? தெரிஞ்சவங்க மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க.

---

ஆல்டோ அக்கா, அஸ்தம்பட்டி:

தம்பி, மொதல்ல உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க, கட்டைக் குரல் குறை இல்ல. நான் 26 வருஷமா கொயர்ல பொம்பளைங்க கீழ்க் குரலான ஆல்டோ பாடறேன். நல்ல குரல்னாலே சொப்ரானோதான்னு நெனக்கற பழக்கத்தால எத்தனையோ புள்ளைங்க தொண்டையக் கெடுத்துக்கிட்டதப் பாத்திருக்கேன், இதப் படிச்சதும் வயிறு எரிஞ்சுது.

மெசோன்னா சொப்ரானோவுக்கும், ரொம்பக் கீழ பாடற கான்ட்ரால்டோவுக்கும் நடுவுல உள்ள பெண் குரல். நம்ம ஆர்மோனியக் கணக்குல சொல்லணும்னா நடு ஸ்தாயி ஒரு கட்டைக்குக் கீழ இருக்கற ஆறு கட்டைல ஆரம்பிச்சு அங்கிருந்து ரெண்டு ஸ்தாயி மேல வரைக்கும் போகும்னு பொதுவா சொல்லுவாங்க. ஆனா எவ்வளவு மேல போகுதுங்கறத வெச்சு முடிவு பண்ணக்கூடாது, அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. நிறைய மெசோவுக்கு சொப்ரானோவோட மேல் சுரமெல்லாம் தாராளமா வரும், போய்த் தொட்டுட்டு வந்துரலாம், அங்கயே குடியிருக்க முடியாது. குரல் எங்க வசதியா உக்காருது, எங்க நெறமா கேக்குது, அதத்தான் பாக்கணும்.

அடுத்தது கீழ்க் குரல்ல இருந்து மேல் குரலுக்குப் போறப்ப தொண்டை வேலை செய்யற விதம் மாற்ற எடம். இத்தாலியன்ல பசாஜியோம்பாங்க. உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன், அடிவாரத்துல இருந்து மேல போற பஸ் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுதில்ல, நல்ல டிரைவர் வளைவுக்கு முன்னாடியே கியர மாத்திருவாரு, உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. வளைவுக்குள்ள போயிட்டு மாத்தினா வண்டி உறுமும், குலுங்கும். சொப்ரானோவுக்கும் மெசோவுக்கும் அந்த கியர் மாத்தற எடம் வேற வேற. இந்தப் பொண்ணு மூணு வருஷமா வேற வண்டியோட கியர்ல ஓட்டியிருக்கா, எஞ்சின் சூடாகாம என்ன பண்ணும்?

இப்போதைக்கு ஒரு வருஷம் மெதுவா, நடு ஸ்தாயில மட்டும் பாடட்டும். வலிச்சா நிறுத்தணும். கார்மென் ஓபரா மாதிரி பெரிய பாட்டெல்லாம் 17 வயசுல தொடவே வேணாம், இந்த ஜாதிக் குரல் முழுசா பழுக்கறதே முப்பதை ஒட்டித்தான்.

---

ஓய்வுபெற்ற கேஷியர்:

ஜேனட் பேக்கர் பேரப் பாத்துட்டு எழுதாம இருக்க முடியல. நான் 34 வருஷம் பேங்க்ல குப்பை கொட்டினவன், அந்தம்மாவும் பேங்க்ல வேலை பாத்தவங்க, அதனாலயே அவங்க மேல எனக்குத் தனிப் பாசம். மருமகப்புள்ளைக்கு இத அப்படியே படிச்சுக் காட்டுங்க.

1933ல இங்கிலாந்துல யார்க்ஷயர் பக்கம் ஹேட்ஃபீல்டுன்னு ஒரு ஊர்ல பொறந்தாங்க. அப்பா இன்ஜினியர், ஆம்பளைங்க கொயர்ல பாடுவாரு. இவங்களுக்குப் பத்து வயசு இருக்கும்போது கூடப் பொறந்த பீட்டர் இதய நோய்ல போயிட்டான், அந்த துக்கம்தான் தன்ன ரொம்பப் பொறுப்பான ஆளா மாத்துச்சுன்னு ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு ரேடியோ பேட்டில சொன்னாங்க. ஸ்கூல் முடிச்சதும் லீட்ஸ்ல பேங்க் வேலை, வேலை முடிஞ்சு ஊர் கொயர்ல பாட்டு. சின்ன வயசுல கன்சர்வேட்டரிங்கற இசைக்கல்லூரிக்கெல்லாம் அனுப்ப ஆள் இல்ல. 1953ல பேங்க்லயே மாறுதல் வாங்கிட்டு லண்டன் போனாங்க, எதுக்குன்னா ஹெலன் இசெப்புங்கற டீச்சர்ட்ட பாட்டு கத்துக்க. பகல்ல பேங்க், மத்த நேரம் பாட்டு. அந்த டீச்சரோட பையன் மார்ட்டின் இசெப் பின்னால இவங்களுக்கே ரொம்ப வருஷம் பியானோ வாசிச்சாரு.

1956, அந்த ஒரே வருஷத்துல என்னென்ன நடந்துச்சுன்னு பாருங்க. லண்டன்ல ஒரு பஸ் இவங்கள இடிச்சுத் தள்ளிருச்சு, தலைல அடி, முதுகுல பட்ட அடி வாழ்நாள் பூரா தொந்தரவு குடுத்துச்சு. அதே வருஷம்தான் கேத்லீன் ஃபெரியர் பேர்ல நடந்த போட்டில ரெண்டாவது பரிசு. ஃபெரியரும் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்துட்டு இருந்து பாட்டுக்கு வந்தவங்க, அவங்க கான்ட்ரால்டோ, 1953ல மார்புப் புற்றுநோய்ல 41 வயசுல போயிட்டாங்க. முதல் பரிசு வாங்கினவங்க பேர் எனக்கு ஞாபகத்துல நிக்கல, ரெண்டாவது வந்தவங்க குரல் நாப்பது வருஷமா என் கூடவே இருக்கு.

1965ல பேக்கர் பாடிப் பதிவானது எல்கர்ங்கற இங்கிலாந்து இசையமைப்பாளரோட கடல் பாட்டுகள், அஞ்சு பாட்டு, ஆர்கெஸ்ட்ராவ நடத்தினது பார்பிரோல்லி. அந்த ரெக்கார்டோட இன்னொரு பக்கம் ஜாக்குலின் டு ப்ரேங்கற இருபது வயசுப் பொண்ணு ஆர்கெஸ்ட்ராவோட செல்லோ வாசிச்ச எல்கரோட கான்செர்ட்டோ. மெட்ராஸ்ல ட்ரெயினிங் போனப்ப இத கேசட்டா வாங்கிட்டு வந்தேன். ரெண்டாவது பாட்டுக்கு வரிகள் எழுதினது எல்கரோட மனைவி, ரெண்டு நிமிஷம் கூட இருக்காது. அதுல பேக்கர் குரல ஏத்தவே மாட்டாங்க, பக்கத்துல உக்காந்து தூங்கப் போற குழந்தைகிட்ட பேசற மாதிரி இருக்கும். என் மனைவிக்கு இங்கிலீஷ் பாட்டே பிடிக்காது, இத மட்டும் திருப்பிப் போடுங்கன்னு அடுப்படில இருந்து குரல் குடுப்பாங்க.

இன்னொண்ணு பர்செல்ங்கற இசையமைப்பாளரோட ஓபராவுல வர்ற டைடோ ராணி வேஷம், 1961ல பதிவு பண்ணாங்க. கடைசிப் பாட்டு ஒரு ஒப்பாரிங்க. அடில பேஸ் வாத்தியங்க ஒரே இறங்கு சுர வரிசைய வாசிச்சுட்டே இருக்கும், மாறவே மாறாது, மேல இந்தம்மா குரல் மட்டும் ஒவ்வொரு சுத்துலயும் வேற மாதிரி உடையும். அழுது பாட மாட்டாங்க, கேக்கறவன் அழுவான்.

பொண்ணு பாத்த 1982 ஓபரா, குளுக்ங்கற இசையமைப்பாளரோட ஆர்ஃபியோ. சத்தியவான் சாவித்திரி கதைய அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி, இங்க புருஷன் செத்துப்போன பொண்டாட்டியக் கூட்டிட்டு வர எமலோகம் போறான், திரும்பிப் பாக்காம நடக்கணும்னு நிபந்தனை, பாத்துருவான், போயிருவா. அதுக்கப்புறம் வர்ற பாட்டுலதான் பொண்ணு போன மடில வெச்சிருக்கும்னு நெனக்கறேன். 1762ல காயடிக்கப்பட்ட ஆண் பாடகருக்காக எழுதினது, 1859ல இசையமைப்பாளர் பெர்லியோஸ் அத பாலின் வியார்டோங்கற மெசோவுக்காக மாத்தி அமைச்சாரு, அங்கிருந்து மெசோக்களோட சொத்தாயிடுச்சு. பேக்கர் இங்கிலாந்துல கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவுல இதப் பாடினதோட ஓபரா மேடைய விட்டு எறங்கிட்டாங்க. அப்ப 48 வயசுதான். குரல் நல்லா இருக்கும்போதே போதும்னாங்க. கச்சேரி மட்டும் 1989 வரைக்கும். அப்புறம் யார்க் பல்கலைக்கழகத்துக்கு வேந்தரா 1991ல இருந்து 2004 வரை இருந்தாங்க.

பேங்க் கவுன்டர்ல இருந்து வேந்தர் வரைக்கும், எல்லாம் அந்தக் கட்டைக் குரல வெச்சு.

---

டிஎன்30 பயணி:

எல்லாரும் நல்லா சொல்றீங்க, நான் கொஞ்சம் காசு பத்திப் பேசறேன், யாராவது பேசித்தான் ஆகணும். எஸ்டேட் ரைட்டர் சம்பளத்துல லண்டன் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது. இந்தியால ஓபரா நடக்கறதே அபூர்வம், மும்பைல என்சிபிஏங்கற கலை அரங்கம், டெல்லி, இங்க அங்க ஒண்ணு ரெண்டு. பொண்ணு ஒரு டிகிரி வாங்கட்டும், கூடவே ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம்னு லண்டன் இசைத் தேர்வு அமைப்புங்க நடத்தற கிரேடு பரீட்சைல ஒண்ண எழுதிட்டே வரட்டும், எட்டு கிரேடு முடிச்சா கைல ஒரு காகிதமாவது இருக்கும். சென்னைல ரஹ்மான் 2008ல ஆரம்பிச்ச கேஎம் கன்சர்வேட்டரில வெஸ்டர்ன் வாய்ஸ் சொல்லித் தர்றாங்க. மும்பைல பொறந்து லண்டன்ல பெரிய சொப்ரானோவான பட்ரீஷியா ரொசாரியோ 2009ல இருந்து இந்தியாவுக்கே வந்து நம்ம புள்ளைங்களுக்குப் பயிற்சி குடுத்துட்டு இருந்தாங்க. இந்த வழியெல்லாம் பாத்துட்டு அப்புறம் ஸ்காலர்ஷிப்போட வெளிநாடு யோசிக்கலாம். வீட்ட அடமானம் வெச்சு அனுப்பற வேல மட்டும் வேணாம்.

---

கன்னங்குறிச்சி டு ஜெர்மனி:

நான் இங்க ஒரு ஓபரா ஹவுஸ்ல லைட்டிங்ல வேலை செய்யறேன், 9 வருஷமாச்சு. பாடத் தெரியாது, ஆனா தினமும் பாக்கறேன், அதனால சோத்துக்கு வழி இருக்கான்னு கேட்டதுக்கு பதில் சொல்ல முடியும்.

ஜெர்மனில 80க்கு மேல ஓபரா ஹவுஸ் இருக்கு, பெரும்பாலும் அரசாங்கப் பணத்துல ஓடுது. பாடகர்ல ரெண்டு வகை. ஒண்ணு ஹவுஸோடவே ஒப்பந்தம், மாசச் சம்பளம், ஒரு சீசன்ல என்ன வேஷம் குடுக்கறாங்களோ பாடணும். இன்னொண்ணு ஊர் ஊரா போறவங்க, பேரு பெருசு, ஆனா நிறைய எடத்துல ஷோவுக்குத்தான் காசு, வாரக்கணக்கா ரிகர்சல் பண்ணிட்டு ஷோ அன்னிக்கு ஜலதோஷம் வந்து பாட முடியலன்னா அந்தக் காசு போச்சு. அதனால நீங்க பாக்கணும், கேன்டீன்ல எல்லாரும் சத்தமா பேசிட்டு இருப்பாங்க, அன்னிக்கு ராத்திரி ஷோ இருக்கறவங்க மட்டும் மப்ளரச் சுத்திக்கிட்டு தலைய ஆட்டிட்டே உக்காந்திருப்பாங்க, வாயத் தொறக்க மாட்டாங்க.

மெசோவுக்கு என்ன வேஷம்னா, கதாநாயகி பெரும்பாலும் சொப்ரானோ, அது உண்மை. மெசோவுக்கு அம்மா, தோழி, சக்களத்தி, சூனியக்காரி, ராணி, அப்புறம் பையன். ஆனா கார்மென் மெசோ. 1875ல பாரிஸ்ல முதல் முறை பாடினது கலி மரியேங்கற மெசோதான், அப்ப அந்த ஓபரா எடுபடல, எழுதின பிசே மூணு மாசத்துல 36 வயசுல செத்துட்டாரு, இப்ப கார்மென் ஓடாத ஊரே கிடையாது. ரோசினி எழுதின செவில் நாவிதன்ல வர்ற ரோசினா, ஐடாங்கற ஓபராவுல வர்ற அம்னெரிஸ், எல்லாம் இந்தக் குரலுக்குத்தான்.

பையன் வேஷம் பத்தி ஒண்ணு சொல்றேன். டிசம்பர் வந்தா இங்க எல்லா ஊர்லயும் ஹான்செல் உண்ட் கிரேட்டல்னு ஒரு அண்ணன் தங்கச்சி கதை ஓபரா போடுவாங்க, குழந்தைங்க கூட்டம் அலைமோதும், ஹான்செல் பையனா வர்றது மெசோ. எங்க ஹவுஸ் மெசோ ஒருத்தங்க அந்த வேஷத்துக்காக எங்க லைட்டிங் பசங்கள உத்துப் பாத்துட்டே இருப்பாங்க, நாங்க ஏணில எப்படி எறங்கறோம், எப்படி சுவத்துல சாயறோம், பாக்கெட்ல எப்படி கைய விடறோம்னு. ஒரு நாள் மேடை ஓரத்துல என் பக்கத்துல வந்து நின்னாங்க, மாரெல்லாம் துணியால இறுக்கிக் கட்டியிருந்துச்சு, அந்தக் கட்டோடயே ரெண்டு மணி நேரம் மூச்சுப் பிடிச்சுப் பாடணும். மூக்கால மூச்ச இழுக்கறப்ப விலாப் பக்கம் விரியறது சட்டைக்கு மேலயே தெரிஞ்சுது. உள்ள போய் வாயத் தொறந்தாங்க, அறுபது பேர் வாசிக்கற ஆர்கெஸ்ட்ராவத் தாண்டி மைக் இல்லாம கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு.

உடம்பும் நல்லா இருக்கணும். 2009ல லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா ஹவுஸ்ல ஜாய்ஸ் டிடோனாட்டோங்கற மெசோ ரோசினா பாடும்போது மேடைலயே விழுந்து கால் எலும்பு முறிஞ்சுது, ஊன்றுகோல் வெச்சுக்கிட்டு அன்னிக்கு ஷோவ முடிச்சாங்க, மிச்ச ஷோவெல்லாம் சக்கர நாற்காலில.

நெறம் பத்தி அக்கா கேட்டாங்க இல்ல. கிரேஸ் பம்ப்ரி கதையச் சொல்லுங்க. அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல கருப்பினக் குடும்பத்துல பொறந்த மெசோ. 17 வயசுல, கவனிங்க உங்க மருமகப்புள்ள வயசு, ரேடியோ பாட்டுப் போட்டில ஜெயிச்சாங்க, பரிசா உள்ளூர் இசைப்பள்ளில படிக்க எடம், ஆனா கருப்புப் பொண்ணுன்னு அந்தப் பள்ளிக்கூடம் சேத்துக்கல. 1961ல ஜெர்மனில பைராய்ட் ஓபரா விழாவுக்கு இசையமைப்பாளர் வாக்னரோட பேரனே கூப்பிட்டு வீனஸ் தேவதை வேஷம் குடுத்தாரு, அழகு தேவதைக்கு கருப்புப் பொண்ணான்னு எதிர்ப்புக் கடிதமெல்லாம் குவிஞ்சுது. ஷோ முடிஞ்சு அரை மணி நேரம் கை தட்டினாங்க, 42 தடவை திரைக்கு முன்னால வந்து நின்னாங்க. இப்ப எங்க ஹவுஸ் ஒப்பந்தத்துல கொரியாக்காரங்க, தென்னாப்பிரிக்காக்காரங்க எல்லாம் இருக்காங்க. சுலபம்னு சொல்ல மாட்டேன். கதவு பூட்டியிருக்குன்னும் சொல்ல மாட்டேன்.

இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு மூணும் வேணும். பாட்டுக்கு முன்னாடி அதத் தொடங்கச் சொல்லுங்க, அதுக்குத் தொண்ட வேணாம், இன்னிக்கே ஆரம்பிக்கலாம்.

---

காவிரிக்கரை நாடகப்பிரியன்:

பொண்ணு ஆம்பளை வேஷம் போடறது வீட்ல யாருக்காவது உறுத்துச்சுன்னா, பக்கத்துல கொடுமுடி இருக்கே, அங்க பொறந்த கே.பி. சுந்தராம்பாள் 1935ல பக்த நந்தனார்ல நந்தனாராவே நடிச்சாங்க. 1941ல சாவித்திரி படத்துல எம்.எஸ். நாரதரா வந்தாங்க. மைக் இல்லாத காலத்து நாடகக் கொட்டகைல கடைசில மண்ணுல உக்காந்திருக்கறவனுக்கும் கேக்கப் பாடினவங்க கேபிஎஸ். அவங்க குரல் உச்சில நிக்கற குரல், இந்தப் பொண்ணோட சாதி இல்ல, ஆனா வேலை ஒண்ணுதான். கனமான குரலுக்கு டி.கே. பட்டம்மாள் இருக்காங்க, அந்தக் கனத்துக்காகவே தேடிக் கேக்கறோம். உங்க அக்காவ ஒரு தடவை பட்டம்மாள் பாட்டக் கேக்கச் சொல்லுங்க, அப்புறம் கட்டைக் குரல்னு சொல்லட்டும்.

---

ஜங்ஷன்_மாமன்:

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடறேங்க. நேத்து மேல போயி எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். மழ பேஞ்சுட்டு இருந்துச்சு, அடுப்படிலயே உக்காந்து படிச்சோம். கேஷியர் ஐயா, நீங்க சொன்ன எடத்துலதான் பொண்ணு போன மடில வெச்சுச்சாம், எப்படி மாமா அவருக்குத் தெரியும்னு கேட்டுச்சு. பேங்க் வேல சேதியக் கேட்டு மச்சானுக்குத்தான் ரொம்ப நிம்மதி, பி.காம் சேத்துட்டு பாட்டும் பாடட்டும்னுட்டாரு. அக்கா பம்ப்ரி கதைய ரெண்டு தடவை படிக்கச் சொன்னுச்சு, ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, அந்தப் பாட்டப் போடு கேப்போம்னு பொண்ணுகிட்ட சொன்னுச்சு.

டிஎன்30 அண்ணே, அடமானமெல்லாம் இல்லீங்க, கிரேடு பரீட்சை விசாரிக்கறேன். ஆல்டோ அக்கா, மாசம் ரெண்டு ஞாயித்துக்கெழம கீழ கூட்டிட்டு வந்தா நீங்க குரல ஒரு தடவை கேக்க முடியுங்களா?

---

ஆல்டோ அக்கா, அஸ்தம்பட்டி:

கேக்க முடியுமாவா, கூட்டிட்டு வாங்க தம்பி. காலை ஆராதனை முடிய பத்தரை ஆகும், அதுக்கப்புறம் வரட்டும், எங்க கொயர்ல ஆல்டோ வரிசைல ஒரு நாற்காலி காலியாத்தான் கெடக்கு. மலை எறங்கறப்ப ஜன்னல் ஓரக் காத்துல தொண்டையக் காட்ட வேணாம், ஒரு துப்பட்டாவச் சுத்திக்கச் சொல்லுங்க. பாட்டு எதுவும் தயார் பண்ணிட்டு வர வேண்டாம், வீட்டுல வேல செய்யறப்ப என்ன முணுமுணுக்குமோ அத முணுமுணுத்தாப் போதும், அங்க எந்தக் கட்டைல நிக்குதுன்னு நான் ஆர்மோனியத்துல பாத்துக்கறேன்.